குடைக் கதையின் ஏழாம் பக்கம்

ஜனவரி 6

மருமகளுக்கு,

வந்து சேர்ந்தேன். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என் வழக்கம். பேருந்து நிலையம் வரை பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். உன் புருஷன் குளியலறையில் இருந்தான். குளித்துக்கொண்டிருப்பவனை வழியனுப்ப வரவில்லை என்று குறை சொல்ல முடியாது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். போனில் பேசினால் நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவேயில்லை' என்று நீயும் சொல்லலாம், நானும் சொல்லலாம். எழுத்தில் அந்த வசதி கிடையாது.

அந்தப் புத்தகத்தைக் குட்டிதான் என்னிடம் கொண்டுவந்தாள். நான் கேட்கவில்லை. "தாத்தா, இது நானே எழுதின புக். படிங்க" என்றாள். ஏழு பக்கம். நடுவில் நூல் கோத்துத் தைத்திருந்தாள். பேருந்தில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு குடை, தொலைந்த பொருள்களை வைக்கிற அறையில், அலமாரியில் உட்கார்ந்துகொண்டு, தன்னைத் தேடி ஆள் வருமா என்று காத்திருக்கிறது. அதுதான் கதை.

நான் நாற்பது வருடத்துக்கு மேல் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன். அச்சுக்குப் போகிற தாளை முதலில் படித்துப் பிழையைச் சிவப்பு மையால் ஓரத்தில் குறிப்பது என் வேலை. அப்படிப்பட்டவனிடம் ஒரு தாளைக் கொடுத்து 'படிங்க' என்றால் அவன் என்ன செய்வான்? பேனாவைத் திறப்பான். திறந்தேன். ஒரு பக்கம்கூடத் தப்பவில்லை. எழுத்துப்பிழை, புள்ளி இல்லாத மெய், ஒட்டிக்கொண்ட சொற்கள். இரண்டாம் பக்கத்தில் நீலமாக இருந்த குடை ஐந்தாம் பக்கத்தில் கறுப்பாகிவிட்டது. 'குடை என்ன நிறம்? முடிவு செய்க' என்று ஓரத்தில் எழுதினேன். வெளியாளாக இருந்தால் இந்த வேலையை நான் இவ்வளவு கவனமாகச் செய்திருக்க மாட்டேன்.

காலையில் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். குழந்தை புரட்டினாள், எழுந்து உள்ளே போனாள். அவள் அழவில்லை. சத்தம் போட்டது நீ. அவள் காதில் விழும்படி, "இனிமே அவ எழுதினதைத் தொடாதீங்க மாமா" என்றாய். என் மகன் வீட்டில், என் மகன் பக்கத்தில் நிற்கும்போது. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்கள் வீட்டில் பாராட்டுக்குப் பஞ்சமில்லை. வந்த நாளிலிருந்து பார்த்தேன். பால் குடித்தால் சூப்பர். செருப்பை ஜோடியாக விட்டால் சூப்பர். பல் தேய்த்ததற்கு ஒரு கைதட்டல். தும்மினால் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை; நான் இருந்ததால் அடக்கிக்கொண்டிருப்பாய். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தச் சொல்லுக்கு உயிர் போய்விடும். நான் அப்படி எதையும் வீணாக்கியதில்லை.

என் சிவப்புப் பேனாவை அங்கே விட்டுவிட்டேன். சாப்பாட்டு மேசையிலோ சன்னல் விளிம்பிலோ இருக்கும். தேடி அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமனார்

*

ஜனவரி 19

அன்புள்ள மாமா,

நான் 'அன்புள்ள' என்று போட்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் அதைத் தேடினேன். இல்லை. கோபத்தில் விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தால் அவற்றிலும் இல்லை.

நான் குரல் உயர்த்தியது தவறு. குழந்தைக்கு முன்னால் சொன்னது அதைவிடத் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்கவில்லை.

நீங்கள் முதல் நாள் மாலை அந்தப் புத்தகத்தைப் படித்தபோது குட்டி எங்கே இருந்தாள் தெரியுமா? உங்களுக்குப் பின்னால், திரைக்குப் பக்கத்தில். நான்காம் பக்கத்தில் குடையும் ஒற்றைச் செருப்பும் சண்டை போடுகிற இடம் இருக்கிறதே, அங்கே தாத்தா சிரிப்பார் என்று என்னிடம் பந்தயம் கட்டியிருந்தாள். "உன்னை எடுத்துட்டுப் போக ஒரு ஆள் போதும். என்னை எடுத்துட்டுப் போகணும்னா இன்னொரு செருப்பு வேணும்" என்று செருப்பு சொல்லும். அந்த வரியை யோசிக்க அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. அந்தப் பக்கம் வந்ததும் நீங்கள் பேனாவை உதறினீர்கள், மை இறங்கவில்லை என்று. அவள் சமையலறைக்கு வந்து, "தோத்துட்டேன்மா" என்றாள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பக்கவாதம் வந்து விழுந்தவர்களை மறுபடியும் நடக்க வைக்கிறேன். போன வாரம் ஒரு லாரி டிரைவர். பெரிய ஆள். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிற்கவைத்தேன். வலது காலை இழுத்து முன்னால் வைத்தார். அதை அடி என்று சொல்ல முடியாது, தரையைத் தேய்த்தார், அவ்வளவுதான். "பாத்தீங்களா, கால் உங்க பேச்சைக் கேக்குது" என்றேன். "கேக்குதாம்மா? எம் பொண்டாட்டிகூட கேக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை இழுத்தார். பாதம் கோணலாக விழுகிறது என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் அவர் உட்கார்ந்திருப்பார். கோணலை அடுத்த மாதம் சரிசெய்யலாம். முதலில் கால் வர வேண்டும்.

குட்டிக்கு வயது ஒன்பது. அவள் எழுதிய முதல் புத்தகம் அது. இப்போது அதை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்கே தெரியவில்லை. கதை என்ன ஆச்சு என்று கேட்டால், "அது தப்பு புக்" என்கிறாள்.

பேனாவைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்

*

ஜனவரி 28

மருமகளுக்கு,

லாரி டிரைவர் விழுந்தவர். குட்டி விழவில்லை. நோயாளிக்குச் செய்வதை நல்லபடியாக இருக்கிற குழந்தைக்குச் செய்கிறாய். கைதட்டினால்தான் நடப்பேன் என்று பழகியவன், கைதட்ட ஆள் இல்லாத தெருவில் என்ன செய்வான்?

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். அச்சகத்தில் தரை கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு அரைகுறையாகத்தான் வாசிக்க வரும். குப்பையில் போட்ட தாள்களைப் பார்த்துப் படித்துக்கொண்டேன். தாளில் சிவப்பு மை எங்கே இருக்கிறதோ அங்கே பிழை. ஏன் பிழை என்று நானே யோசித்துக் கண்டுபிடிப்பேன். எனக்கு வாத்தியார் அந்தச் சிவப்பு மைதான். யாரும் என் முதுகில் தட்டிக் கொடுக்கவில்லை. தலைமை மெய்ப்பாளர் என்று ஒருவர் இருந்தார். பித்தளை அளவுகோலால் விரல் முட்டியில் தட்டுவார். அது ஒன்றுதான் அவர் தட்டிக் கொடுத்தது.

ஒரு நாள் கூட்டும்போது, அவர் பார்த்து முடித்து வைத்திருந்த தாள்கட்டில் ஒரே பக்க எண் அடுத்தடுத்து இரண்டு தாளில் வந்திருப்பதைப் பார்த்தேன். துணிந்து பென்சிலால் குறித்தேன். பிறகு பயம் வந்து, குறித்ததை நானே அடித்துவிட்டேன். மறுநாள் அந்தத் தாள் என் துடைப்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் அடித்ததன் கீழே வரிசையாகச் சிவப்புப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதியிருந்தார். எங்கள் வேலையில் அது ஒரு குறி. ஒரு சொல்லைத் தவறுதலாக அடித்துவிட்டால் அதன் கீழே புள்ளி வைப்போம். அடித்ததைப் பொருட்படுத்தாதே, இது சரிதான், இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று பொருள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் அவர் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலி போட்டிருந்தது. இப்படித்தான் நான் ஆளானேன்.

சரியாக இருக்கிற வரியில் நான் கை வைப்பதில்லை. எனக்கு வேலை இல்லாத வரிதான் நல்ல வரி. இது தெரிந்தவர்களுக்கு நான் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உன் புருஷனைப் பார். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களின் லிஃப்டை எல்லாம் அவன் சோதித்துச் சரி என்று சொன்னால்தான் ஓட்டலாம். ஒரு கம்பி தேய்ந்திருந்தாலும் விடமாட்டான் என்று சொல்கிறார்கள். அந்தக் கண் எங்கிருந்து வந்தது? அவனை ஒரு நாள்கூட நான் 'நல்லா இருக்கு' என்று சொல்லிக் கெடுக்கவில்லை.

அவன் ஏன் எனக்கு எழுதுவதில்லை? உன் கையெழுத்தில்தான் அந்த வீட்டுச் செய்தி வர வேண்டுமா? அவனுக்குக் கை இல்லையா?

பேனாவைச் சரியாகத் தேடவில்லை நீ.

உன் மாமனார்

*

பிப்ரவரி 15

அன்புள்ள மாமா,

பேனா கிடைத்துவிட்டது. குட்டியின் பென்சில் பெட்டியில், அழிரப்பருக்கு அடியில் இருந்தது. நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பிக் காட்டினார்.

வகுப்பில் 'மழை நாள்' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் எழுதிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். இவள் ஒரு வரி எழுதுவாளாம், உங்கள் பேனாவை எடுத்து அதை நீளமாக அடிப்பாளாம். அடுத்த வரி எழுதுவாளாம், அதையும் அடிப்பாளாம். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாத்தானே இருக்கு, ஏம்மா அடிக்கிறே?" என்று கேட்டதற்கு, "தாத்தா அடிக்கிறதுக்கு முன்னாடி நானே அடிச்சிடுறேன்" என்றாளாம். மூன்று வாரமாக எல்லாப் பாடத்திலும் இப்படித்தான் நடக்கிறது. இப்போதெல்லாம் எழுதுவதே நின்றுவிட்டது. வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வருகிறாள். இந்த வருடம் இப்படியே போனால் மேல் வகுப்புக்கு அனுப்புவது கஷ்டம் என்று டீச்சர் சொல்கிறார். எனக்கு வகுப்பைப் பற்றிக் கவலையில்லை. அவள் வீட்டில்கூடக் கதை சொல்வதில்லை. முன்பெல்லாம் வாயை மூடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

உங்கள் மகன் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டீர்கள். நானும் இத்தனை வருடம் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னார். அலுவலகத்தில்கூட அவர் எழுதுவதில்லையாம். லிஃப்டைப் பார்த்துவிட்டு வாயால் சொல்வாராம். கூட இருக்கும் பையன் எழுதிக் கொடுத்தால் கையெழுத்து மட்டும் போடுவாராம்.

விடுதியிலிருந்து அவர் எழுதிய கடிதங்களை நீங்கள் திருத்தித் திருப்பி அனுப்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சிரிக்காமல் இப்போதுதான் ஒன்று சொன்னார். அத்தை இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. எல்லாம் முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினாராம். வீட்டில் இருந்த நாள்களில் உங்களிடம் பேச முடியாததையெல்லாம் எழுதினாராம். பதில் வரும் என்று தினமும் விடுதி வாசலில் போய் நின்றாராம். வந்தது. அவர் எழுதிய அதே தாள்தான் வந்தது. ஓரமெல்லாம் சிவப்பு. அடியில், 'நினைவு என்ற சொல் இரண்டு இடத்தில் பிழை. கவனம்.' அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எழுதியதில்லை. எனக்கும்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கடிதம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனேன்.

மாமா, நீங்கள் எழுதிய முக்காலிக் கதையை மூன்று தடவை படித்தேன். யாரும் உங்களைத் தட்டிக் கொடுக்கவில்லை என்கிறீர்கள். அந்த மனிதர் தட்டிக் கொடுத்திருக்கிறார். அவர் வைத்த ஒரு வரிசைப் புள்ளியை இத்தனை வருடமாக வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது இல்லாவிட்டால் இன்னும் கூட்டிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். உங்கள் மகனுக்கு அந்தப் புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு வரி. குட்டிக்கு எழுதுங்கள். 'உன் கதை நன்றாக இருந்தது' என்று எழுதினால் போதும். உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அவள் நம்புவாள். நான் சொன்னால் செல்லாது.

மருமகள்

*

மார்ச் 2

மருமகளுக்கு,

அந்தக் கடிதம் எனக்கு நினைவிருக்கிறது. நான்கு பக்கம். ரூல் போடாத தாள், வரி எல்லாம் மேலே ஏறிப் போயிருக்கும்.

நீ கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அது வந்த அன்று வீட்டில் நான் ஒருவன்தான். உன் அத்தையின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. உறையைப் பிரித்தேன். முதல் வரியைப் படித்தேன். அதற்கு மேல் படிக்க எனக்கு ஒரு வழிதான் தெரியும். எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டு போனால் பொருள் உள்ளே ஏறாது. மெய்ப்புப் பார்க்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். ஒரு புத்தகம் முழுவதும் பார்த்து முடித்திருப்பான், கதை என்ன என்று கேட்டால் தெரியாது. பேனா இல்லாமல் அந்த நான்கு பக்கத்தை நான் படித்திருக்க வேண்டும் என்கிறாயா? அதில் அவன் என்ன எழுதியிருந்தான் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கெங்கே பிழை இருந்தது என்று சொல்வேன்.

இதை நான் இறங்கி வருவதாக எடுத்துக்கொள்ளாதே. பிழை பிழைதான். 'நினைவு' என்பதை அப்படி எழுதக் கூடாது.

புள்ளியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். மாமனாருக்கு இப்படி எழுதுவதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. அவர் எனக்குப் புள்ளி வைத்தார் என்றால், அந்தப் பக்க எண் உண்மையிலேயே தவறாக இருந்தது. நான் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக வைக்கவில்லை. சரியாக இருந்ததற்குத்தான் வைத்தார். சும்மா வைத்திருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

நன்றாக இருந்தது என்று நீ சொல்லிக்கொடுத்து நான் எழுத மாட்டேன். டீச்சர் நன்றாக இருக்கிறது என்கிறார். டீச்சர் பேச்சை நான் எப்படி நம்புவது? அந்த 'மழை நாள்' தாளை அனுப்பு. நானே பார்க்கிறேன்.

உன் மாமனார்

*

மார்ச் 10

மாமா,

இரண்டு நாள் யோசித்தேன். உங்களிடம் மறுபடியும் அவள் எழுதியதைக் கொடுப்பது, அடித்த கையிலேயே பிரம்பைக் கொடுப்பது மாதிரி இருக்கிறது. உங்கள் மகன்தான், "அனுப்பு. என்னதான் செய்யறார்னு பாப்போம்" என்றார். அதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது.

அனுப்பியிருக்கிறேன். இது குட்டிக்குத் தெரியாது. இதில் இன்னொரு கோடு விழுந்தால், இதற்குப் பிறகு நான் உங்களுக்கு எழுத மாட்டேன்.

மருமகள்

*

மார்ச் 16

மருமகளுக்கு,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன்.

தலைப்பைத் தவிர எல்லா வரியையும் அடித்திருக்கிறாள். என் பேனாவால்தான், முள் விரிந்துவிட்டது என்று கோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்து, கோட்டுக்கு அடியில் இருப்பதை எல்லாம் படித்தேன். மழை வந்தால் தெருவில் எல்லோரும் ஒரே மாதிரி ஓடுகிறார்கள், பணக்காரர்கூட என்று ஒரு வரி. அதை ஏன் அடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு வரிக்கும் கீழே என்ன வைத்திருக்கிறேன் என்று பார். ஓரத்தில் எழுதியதையும் பார். அந்தக் குறி என்ன என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

பிழைகள் இருக்கின்றன. அவற்றை இந்தத் தடவை குறிக்கவில்லை.

உன் மாமனார்

*

மார்ச் 30

அன்புள்ள மாமா,

என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொன்னாலும் உங்களுக்குக் கசக்கும். எனக்கும் அப்படித்தான்.

உறையைப் பிரித்ததும் நான் அழுதுவிட்டேன். வரிக்கு வரி புள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில், ஒன்றைப் போலவே இன்னொன்று, 'இருக்கட்டும்', 'இருக்கட்டும்' என்று. ஒரு இடத்தில்கூட 'மேலே சொன்னதே' என்று போட்டு நீங்கள் வேலையைச் சுருக்கவில்லை. குட்டி பள்ளியிலிருந்து வந்ததும் உட்காரவைத்துக் காட்டினேன். அவள் முதலில் பார்த்தது சிவப்பு மையைத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் முக்காலிக் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இது திருத்தம் இல்லை, நீ அடித்தது வேண்டாம், எழுதினது சரிதான், இருக்கட்டும் என்று தாத்தா சொல்கிறார் என்றேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நான் அடிச்சதும் தப்பாம்மா?" என்றாள்.

தாளை மடித்து வைத்தேன்.

அன்று உங்கள் மகன் வந்ததும் தாளைக் கையில் கொடுத்தேன். அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லையே, உங்கள் குறிகளோடு வளர்ந்தவர். நின்றபடியே பார்த்தார். ஷூவைக் கழற்றவில்லை. விரலால் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார். "எனக்கு இதை வெச்சதே இல்லை" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

குட்டி, "அப்பா, அது என் பேப்பர்" என்றாள்.

"கொஞ்ச நாள் நான் வெச்சிக்கிறேன்டா."

"நீங்களே வெச்சிக்கோங்க. எனக்கு வேணாம்."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். தரமாட்டேன் என்கிறார். சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டையில் வைத்துக்கொள்கிறார். நாற்பத்தைந்து வயது ஆள், ஒன்பது வயதுக் குழந்தைக்கு வந்ததைத் தன் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை. உங்கள் குடும்பத்தில் ஒரு நல்ல சொல் வந்தால் ஒரு ஆளுக்குத்தான் வருகிறது மாமா. அதையும் பிடுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். நேற்று குட்டி ஒரு படம் வரைந்தாள். பஸ், சன்னலில் முகங்கள். "சூப்பர்" என்றேன். "நீங்க எல்லாத்துக்கும் அதான் சொல்வீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நீங்கள் ஜனவரியில் எழுதியது சரிதான். என் சொல்லுக்கு உயிர் இல்லை. உங்கள் சொல்லுக்கு உயிர் இருக்கிறது, ஆனால் அது குறியாக வருகிறது, சிவப்பாக வருகிறது. ஒன்பது வயதுக்கு அது எட்டவில்லை.

அவள் இன்னும் ஒரு வரி எழுதவில்லை. வருடக் கடைசித் தேர்வு வருகிறது. குறி வேண்டாம் மாமா. அந்தச் சொல்லையே எழுதுங்கள். எழுத்தில்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

*

ஏப்ரல் 8

மருமகளுக்கு,

நான் சந்தோஷப்படவில்லை. அப்படி நினைத்து எழுதியிருக்கிறாய் என்பதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

நீ கேட்ட சொல்லை எழுத உட்கார்ந்தேன். எழுதினேன். என் கையெழுத்தில் அது யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினதுபோல இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதுவும் அப்படித்தான். குழந்தைக்கு அது தெரிந்துவிடும். உன் 'சூப்பர்' தெரிந்துவிட்டதல்லவா, அதுபோல. ஆகவே அதை அனுப்பவில்லை. இந்த வயதில் நான் மாறிவிட்டேன் என்று நீ அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ள வழியில்லை.

அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. குடைக் கதையின் ஏழாம் பக்கத்தில், அந்த அறையின் கதவு திறக்கிறது. யாரோ உள்ளே வருகிறார்கள். செருப்பு, 'எனக்கா உனக்கா?' என்று கேட்கிறது. அதோடு பக்கம் முடிந்துவிடுகிறது. வந்தது யார் என்று இல்லை. எட்டாம் பக்கம் விடுபட்டிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். குடையின் நிறத்தைக் கேட்டு எழுதியவன் இதைக் கேட்டிருக்க வேண்டும்; அன்றைக்கு மை போதவில்லை. மூன்று மாதமாக இது எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. பேருந்தில் ஏறினால் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்க்கிறேன். கண்டக்டர், "என்ன பெரியவரே, எதைத் தொலைச்சீங்க?" என்று கேட்கிறான். யார் வந்தது என்று கேட்டுச் சொல். சொல்ல இஷ்டமில்லை என்றால் அதையும் எழுது, நான் காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு செருப்பு வேண்டும் என்று செருப்பு சொல்கிற வரி இருக்கிறதே, அந்த வரியில் எனக்கு வேலை இல்லை. இதை அவளிடம் இப்படியே சொல். விளக்கம் சொல்லி நீட்டாதே.

உன் புருஷன் பையில் இருக்கிற தாள் அவனுக்கு அனுப்பியது அல்ல. அதைக் குழந்தையிடம் திருப்பிக் கொடுக்கச் சொல். வேண்டாம் என்று அவள் சொன்னாலும் அவள் மேசையில் வைக்கச் சொல். அடுத்தவர் மெய்ப்பை எடுத்து வைத்துக்கொள்வது எங்கள் அச்சகத்தில் வேலையை விட்டு நீக்குகிற குற்றம். அவனுக்கு வேண்டுமென்றால் அவன் எழுதட்டும். எதை வேண்டுமானாலும் எழுதட்டும். எழுதி, பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு, அடித்ததையே அனுப்பட்டும். வெறும் தாளில் புள்ளி வைக்க எனக்கு வழி தெரியாது.

பேனாவை நீ அனுப்ப வேண்டாம். புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். மை சிவப்புதான்.

உன் மாமனார்